உங்களுக்குத் தெரியுமா? ஸ்லீவா, பைபாஸா: எடைக் குறைப்பு ஆபரேஷன்கள்

◆ எடைக் குறைப்பு ஆபரேஷனில் கொழுப்பை யாரும் வெட்டி எடுப்பதில்லை. மருத்துவர் கை வைப்பது இரைப்பையிலும் சிறுகுடலிலும்தான். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷன் வேறு. அது உடலின் வடிவத்தைத் திருத்தும், நோயைத் தீர்க்காது. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பருமனான 15 பெண்களின் வயிற்றிலிருந்து ஆளுக்குச் சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்து, பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துப் பரிசோதித்தார்கள். முடிவு 2004-இல் வெளியானது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எதுவும் சீராகவில்லை.

◆ ‘எந்த ஆபரேஷன் நல்லது?’ என்றுதான் பலரும் கேட்கிறார்கள். ‘என் உடம்புக்கு எது பொருந்தும்? பத்து வருஷம் கழித்து நான் எப்படி இருப்பேன்?’ என்று கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும். ஒரே எடை, ஒரே உயரம் உள்ள இரண்டு பேருக்கு வெவ்வேறு ஆபரேஷன் சரியாக இருக்கலாம். எப்படி என்பது போகப் போகப் புரியும்.

◆ முதல் முயற்சிகளில் ஒன்று 1954-இல் அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து வந்தது. இரைப்பையைத் தொடாமல் குடலை மட்டும் சுருக்கினார்கள். பின்னாளில் இதுவே பரவலானபோது, பல மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் ஏறத்தாழ 45 செ.மீ. மட்டுமே உணவுக்குப் பாதையாக விடப்பட்டது. எடை மளமளவென்று இறங்கியது. கூடவே தீராத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு. 1980 வாக்கில் கைவிட்டுவிட்டார்கள். இன்றைய பைபாஸ் அதுவல்ல. இரண்டுக்கும் ‘பைபாஸ்’ என்ற பெயர் பொது என்பதால் பழைய பயத்தை இன்றும் சுமக்க வேண்டியதில்லை.

◆ அயோவா பல்கலைக்கழக அறுவை மருத்துவர் எட்வர்ட் மேசன் ஒன்றைக் கவனித்தார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்த பெண்களுக்கு எடை குறைந்தது; பிறகு ஏறவும் மறுத்தது. மற்றவர்களுக்கு அது ஆபரேஷனின் பக்கவிளைவு. மேசனுக்கு அது சிகிச்சை. 1966-இல் எடை குறைப்பதற்காகவே இரைப்பை பைபாஸைச் செய்தார். மறு ஆண்டு சிகாஷி இட்டோவுடன் சேர்ந்து கட்டுரையாக வெளியிட்டார். 1920-இல் பிறந்த மேசன் 2020-இல் தம் நூறாவது வயதில் மறைந்தார். உடல் பருமன் அறுவை சிகிச்சையின் தந்தை என்று இத்துறையினர் அவரைத்தான் சொல்கிறார்கள்.

◆ இன்றைய பைபாஸில் நடப்பது என்ன? இரைப்பையின் மேல்முனையில் 15 முதல் 30 மி.லி. கொள்ளும் ஒரு சிறு பையை மட்டும் பிரித்துக்கொள்கிறார்கள். சிறுகுடலை ஓரிடத்தில் வெட்டி, கீழ்ப்பகுதியை மேலே இழுத்து அந்தச் சிறு பையோடு இணைக்கிறார்கள். மீதி இரைப்பை வயிற்றுக்குள்ளேயே இருக்கும். அதற்குள் உணவு போகாது. பித்தநீரும் கணைய நீரும் தனிப் பாதையில் வந்து, ஒரு மீட்டருக்கும் மேலே தள்ளித்தான் உணவோடு கலக்கும். குடலை ஒய் எழுத்து வடிவில் இணைக்கும் இந்த முறை சுவிட்சர்லாந்தின் சேசர் ரூ 19-ஆம் நூற்றாண்டில் வேறு நோய்களுக்காகக் கையாண்டது. பருமனுக்கான பைபாஸில் அது சேர்ந்தது 1977-இல்.

◆ பைபாஸில் எதையும் வெட்டி வெளியே எடுப்பதில்லை. இரைப்பையை ஒல்லியான குழாய் போல ஆக்கும் ஸ்லீவில் அதன் முக்கால் பாகம் வெளியே போய்விடும். ஆகவே, ஸ்லீவைத் திரும்ப மாற்ற முடியாது. கஷ்டமான வேலைதான் என்றாலும், பைபாஸைத் தேவைப்பட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும். ‘ஸ்லீவ் சின்ன ஆபரேஷன், பைபாஸ் பெரிய ஆபரேஷன்’ என்று மட்டும் கேள்விப்பட்டவர்களுக்கு இது புதிதாக இருக்கும்.

◆ இன்று உலகில் அதிகமாகச் செய்யப்படும் எடைக் குறைப்பு ஆபரேஷனான ஸ்லீவ், தனி ஆபரேஷனாகத் திட்டமிடப்பட்டதே இல்லை! நியூயார்க்கில் மிஷேல் கான்யே குழு 1999-இல் ‘டியோடினல் ஸ்விட்ச்’ என்ற பெரிய ஆபரேஷனை நுண்துளை வழியாகச் செய்யத் தொடங்கியது. எடையை உயரத்தோடு ஒப்பிடும் அளவான பிஎம்ஐ 60-ஐத் தாண்டியவர்களுக்கு அதை ஒரே மூச்சில் செய்வது ஆபத்தாக இருந்தது. அதனால் இரண்டாகப் பிரித்தார்கள். முதலில் இரைப்பையை மட்டும் சுருக்குவது. எடை ஓரளவு இறங்கியதும் குடல் வேலை. முதல் கட்டம் முடிந்தவர்களில் பலருக்கு எடை நன்றாகவே குறைந்துவிட்டது. பலர் இரண்டாம் கட்டத்துக்குப் போகவே வேண்டியிருக்கவில்லை. முதல் கட்டமே முழுச் சிகிச்சையானது இப்படித்தான்.

◆ ஸ்லீவ் செய்த இரைப்பை வாழைப்பழம் போல ஒல்லியாக நீண்டிருக்கும். எவ்வளவு ஒல்லி என்பதைக் கண் மதிப்பில் விடுவதில்லை. வாய் வழியாக ஒரு குழாயை இரைப்பைக்குள் இறக்கி, அதை ஒட்டியபடியே ஸ்டேப்ளரால் வெட்டிக்கொண்டு போகிறார்கள். பெரும்பாலும் குழாய் 36 முதல் 40 பிரெஞ்ச் அளவு. 36 பிரெஞ்ச் என்பது 12 மில்லிமீட்டர் தடிமன்.

◆ ஸ்லீவில் வெட்டி எடுக்கப்படும் பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. ஜப்பானின் கோஜிமாவும் கங்காவாவும் 1999-இல் கண்டுபிடித்த ஹார்மோன் இது. 2002-இல் வந்த ஓர் ஆய்வு என்னைப் போன்றவர்களின் பார்வையையே மாற்றியது. டயட் இருந்து எடை குறைத்தவர்களின் ரத்தத்தில் கிரெலின் 24% கூடியிருந்தது. உடம்பு இழந்த எடையைத் திரும்பக் கேட்கிறது! பைபாஸ் செய்தவர்களுக்கோ கிரெலின் மிகக் குறைவாகவே இருந்தது. டயட் இருந்து எடை குறைத்து, மீண்டும் ஏறி, மீண்டும் குறைத்துச் சோர்ந்துபோனவரிடம் ‘வாயைக் கட்டத் தெரியவில்லை’ என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை இந்த ஒரு கணக்கு சொல்லிவிடுகிறது.

◆ நெஞ்செரிச்சல் உண்டா? ஸ்லீவுக்குச் சம்மதிக்கும் முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஒல்லியான இரைப்பைக்குள் அழுத்தம் அதிகம். அமிலம் மேலே ஏறுவது எளிது. சுவிட்சர்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் வெளியானது. ஐந்து ஆண்டு முடிவில், எதுக்களிப்பு மோசமானவர்கள் ஸ்லீவில் 31.8%, பைபாஸில் 6.3%. ஏற்கெனவே இருந்த எதுக்களிப்பு நீங்கியவர்கள் ஸ்லீவில் 25%, பைபாஸில் 60.4%. பல வருட நெஞ்செரிச்சலோடு வருகிறவருக்குப் பைபாஸையே பரிந்துரைப்பதற்கு இதுதான் காரணம். ஸ்லீவ் செய்தபின் எதுக்களிப்பு தாங்காமல் பைபாஸுக்கு மாற்றிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன் ஒரு எண்டோஸ்கோப்பி செய்து உணவுக்குழாயைப் பார்த்துவிடுவது செலவு அல்ல, பாதுகாப்பு.

◆ பின்லாந்திலும் இதுபோன்ற ஓர் ஒப்பீட்டின் பத்தாண்டு முடிவு 2022-இல் வெளியானது. 240 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு ஸ்லீவ், மறுபாதிக்குப் பைபாஸ். பத்தாம் ஆண்டில் பைபாஸ்காரர்கள் இழந்த உபரி எடை சுமார் 8 சதவீதப் புள்ளி கூடுதல். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய் அழற்சி தெரிந்தது ஸ்லீவில் 31%, பைபாஸில் 7%. உணவுக்குழாயின் உட்படலமே மாறிவிடும் பாரட் நிலை இரண்டிலும் 4% அளவில் சமமாகத்தான் இருந்தது. எடையில் வித்தியாசம் சிறிது, எரிச்சலில் பெரிது.

◆ ‘உபரி எடை’ என்ற அளவுகோலைப் புரிந்துகொள்ளாமல் மருத்துவமனை விளம்பரங்களைப் படிக்கக் கூடாது. உயரம் 160 செ.மீ., எடை 110 கிலோ உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிஎம்ஐ 43. பிஎம்ஐ 25-க்கு அவர் எடை 64 கிலோ இருக்க வேண்டும். ஆக, உபரி 46 கிலோ. ‘60% எடை குறைந்தது’ என்றால் அந்த 46-இல் 60%, அதாவது சுமார் 28 கிலோ. மொத்த எடையில் அது 25% மட்டும். 110 கிலோ 44 ஆகிவிடும் என்று நம்பிப் போகிறவர் 82-இல் நின்றால் ‘ஆபரேஷன் தோல்வி’ என்று மனம் உடைந்துபோகிறார். உண்மையில் அது நல்ல வெற்றி.

◆ 2011-இல் அமெரிக்காவில் நடந்த எடைக் குறைப்பு ஆபரேஷன்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இரைப்பைப் பட்டை. 2018-இல் அது 1.1%. இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி சிலிக்கோன் வளையம் ஒன்றைப் போட்டு, தோலுக்கடியில் வைத்த சிறு குமிழ் வழியாக உப்புநீர் ஏற்றி இறுக்குவார்கள். வெட்டு இல்லை, தையல் இல்லை, வேண்டாமென்றால் கழற்றலாம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! காலப்போக்கில் வளையம் நழுவியது. சிலருக்கு இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு உள்ளே போனது. எடையும் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. கழற்றுவதற்கென்றே பலர் மறுபடி மேசைக்கு வந்தார்கள். நுண்துளை வழியாக மனிதர் ஒருவருக்கு முதன்முதலில் இந்தப் பட்டையை 1993-இல் பெல்ஜியத்தில் பொருத்தியவர் மிதிக்கு பெலாச்சு, எத்தியோப்பியாவில் பிறந்தவர்.

◆ ஐந்தாண்டுக் கணக்கே தெரியாத புதிய முறைகளை அவசரப்பட்டு ஏற்கக் கூடாது என்பதற்குப் பட்டையே போதுமான பாடம்.

◆ சர்க்கரை நோய்க்கு ஆபரேஷனா என்று 1995-இல் மருத்துவ உலகம் திகைத்தது. வட கரோலைனாவின் வால்டர் போரிஸ் பைபாஸ் செய்துகொண்டவர்களை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதினார்: இரண்டாம் வகைச் சர்க்கரை இருந்தவர்களில் 82.9% பேருக்குச் சர்க்கரை இயல்புக்குத் திரும்பிவிட்டது. அதுவும் பலருக்கு எடை குறைவதற்கு முன்பே, சில நாட்களில். கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பே ஒரு வியப்புக் கேள்வி.

◆ எடை குறையும் முன்பே சர்க்கரை குறைவது ஏன்? பிரான்செஸ்கோ ரூபினோ மெலிந்த உடல்வாகுள்ள சர்க்கரை எலிகளில் சோதித்தார். இரைப்பையைத் தொடாமல் முன்சிறுகுடலை மட்டும் உணவுப் பாதையிலிருந்து விலக்கினார். சர்க்கரை சீரானது. இன்னொரு பக்கம், செரிக்காத உணவு சிறுகுடலின் கடைப்பகுதியைச் சீக்கிரம் தொடுவதால் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் பெருமளவில் சுரந்து இன்சுலினைத் தூண்டுகிறது. குடல் வெறும் செரிமானக் குழாய் இல்லை, ஹார்மோன் சுரப்பியும்கூட என்பது இந்த ஆபரேஷன்களால்தான் பளிச்சென்று தெரிந்தது. இன்று எல்லோரும் பேசும் எடைக் குறைப்பு ஊசிகள் இதே ஜிஎல்பி-1 வழியில் வேலை செய்பவை.

◆ ஆனால் ‘சர்க்கரை போயே போச்சு’ என்ற வாக்குறுதியை அப்படியே நம்ப வேண்டாம். கிளீவ்லேண்ட் கிளினிக்கில் 150 பேரைக் கொண்டு நடந்த ஸ்டாம்பீட் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017-இல் வந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6 அல்லது அதற்குக் கீழே வந்தவர்கள்: மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5%, ஸ்லீவில் 23%, பைபாஸில் 29%. மருந்தைவிடப் பல மடங்கு மேல். அதே சமயம் பெரும்பாலோர் அந்த இலக்கைத் தொடவில்லை என்பதும் உண்மை. சர்க்கரை வந்து சில ஆண்டுகளே ஆனவர்களுக்கும், இன்சுலின் இன்னும் தேவைப்படாதவர்களுக்கும் பலன் அதிகம். கணையம் களைத்துப்போகும் வரை தள்ளிப்போட்டால் எந்த ஆபரேஷனாலும் முழுப் பலன் கிடைக்காது.

◆ ஒரே பிஎம்ஐ, இரண்டு உடம்பு. புனேயின் மருத்துவர் யாஜ்னிக், இங்கிலாந்தின் மருத்துவர் யுட்கின் இருவரும் ஒன்றாக நிற்கும் படம் 2004-இல் லான்செட் இதழில் வெளியானது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%! நம்மவர்களுக்குச் சர்க்கரை சீக்கிரம் வருவதற்கு இந்த ஒளிந்திருக்கும் கொழுப்பு ஒரு முக்கியக் காரணம். அதனால்தான் இந்தியாவில் பிஎம்ஐ 25-ஐத் தாண்டினாலே பருமன் என்று கணக்கிடுகிறோம். மேலைநாடுகளில் அந்தக் கோடு 30.

◆ எந்த பிஎம்ஐ-க்கு ஆபரேஷன்? 1991-இல் அமெரிக்காவில் வகுத்த விதி 40. சர்க்கரை போன்ற நோய் கூட இருந்தால் 35. முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து, 2022-இல் சர்வதேச அமைப்புகள் அதைத் திருத்தின. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 35 போதும்; சர்க்கரை நோய் இருந்தால் 30-லேயே யோசிக்கலாம்; ஆசிய மக்களுக்கு 27.5-லிருந்தே.

◆ மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த சீரான விதியின்படி, எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பணம் கிடைக்க வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். மருத்துவரின் பரிந்துரை வேண்டும். பிஎம்ஐ 40 இருக்க வேண்டும். 35 என்றால் கூடவே இதய நோய், கடுமையான உறக்க மூச்சுத்திணறல், கட்டுக்கடங்காத சர்க்கரை போன்றவற்றில் ஒன்று இருந்து, மற்ற சிகிச்சைகள் பலன் தராமல் போயிருக்க வேண்டும். பாலிசி வாங்கி எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது தனி. நம் உடம்புக்குக் கோடு கீழே இருக்க வேண்டும் என்று மருத்துவம் சொல்கிறது. காப்பீட்டு விதியோ மேலைநாட்டுப் பழைய கோட்டிலேயே நிற்கிறது. பிஎம்ஐ 33-இல் இன்சுலின் போட்டுக்கொண்டு அவதிப்படும் ஒருவருக்கு இந்த இடைவெளி சில லட்ச ரூபாய்ச் சுமை. இதைத் திருத்தச் சொல்லி நாம் குரல் கொடுக்கத்தான் வேண்டும்.

◆ ‘மினி பைபாஸ்’ என்ற பெயரைப் பார்த்து அதைச் சின்ன ஆபரேஷன் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவின் ராபர்ட் ரட்லெட்ஜ் 1997-இல் தொடங்கியது. வழக்கமான பைபாஸில் குடலை இரண்டு இடத்தில் இணைக்க வேண்டும். இதில் ஒரே இடம். இரைப்பைப் பை சற்று நீளம். நேரம் குறைவு, செய்வது எளிது, எடையும் நன்றாகக் குறையும். இந்தியாவிலும் நிறையச் செய்கிறார்கள்.

◆ அந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. பிரான்சில் 253 பேரிடம் நடந்த யோமேகா ஆய்வு 2019-இல் வெளியானது. இரண்டாண்டு முடிவில் எடை இழப்பில் மினி பைபாஸும் வழக்கமான பைபாஸும் ஏறக்குறைய சமம். கடுமையான பாதகங்கள் மினியில் 42, மற்றதில் 24. அந்த 42-இல் 9 ஊட்டச்சத்துக் குறைபாட்டால் வந்தவை. வழக்கமான பைபாஸில் அப்படி ஒன்றுகூட இல்லை. அந்த ஆய்வில் 200 செ.மீ. குடலை விலக்கியிருந்தார்கள். இப்போது பலரும் 150 செ.மீ. அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். உணவில் புரதம் குறைவாக உள்ளவர்கள், முட்டைகூடத் தொடாத சைவர்கள் எத்தனை செ.மீ. குடல் விலக்கப்படுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த ஆபரேஷனில்தான்.

◆ எடை குறைப்பதில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது டியோடினல் ஸ்விட்ச். இத்தாலியின் ஜெனோவாவில் நிக்கோலா ஸ்கோப்பினாரோ 1970-களில் தொடங்கிய முறையின் வளர்ச்சி இது. உணவும் செரிமான நீரும் கலந்து ஓடும் குடல் வெறும் 75 முதல் 100 செ.மீ. தான். கொழுப்பு உறிஞ்சப்படாமல் வெளியேறும். அதோடு ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் போய்விடும். மிக மிக அதிகப் பருமன் உள்ளவருக்கு, அதிலும் வாழ்நாள் முழுக்க மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் தவறாதவருக்கு மட்டும். ஊருக்குத் திரும்பியதும் மருத்துவமனைப் பக்கமே வராத பழக்கமுள்ளவருக்கு இது ஆகாது என்று தயங்காமல் சொல்வேன்.

◆ ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய் அதிகம். பைபாஸ் செய்தால் ஒதுக்கிவிட்ட இரைப்பைக்குள் எண்டோஸ்கோப்பி போக முடியாது. புற்று வந்தாலும் தெரியாது. அதற்காகவே கசுநோரி காசமா ஒரு மாற்று வழி கண்டார். இரைப்பையை ஸ்லீவாக்கி, அதற்குக் கீழே முன்சிறுகுடலை விலக்குவது. பைபாஸின் சர்க்கரைப் பலன் ஓரளவு கிடைக்கும். ஒதுங்கிய இரைப்பை என்று ஒன்று இருக்காது. கோயம்புத்தூரிலும் இதைச் செய்து முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள்.

◆ ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் திரவ உணவிலேயே வைத்திருப்பது எடை குறைப்பதற்கு இல்லை. கொழுப்பேறிய கல்லீரலின் இடது மடல் இரைப்பையை மூடிக்கொண்டிருக்கும். மாவுச்சத்தைக் குறைத்தால் இரண்டே வாரத்தில் அது சுருங்கி வழிவிடும்.

◆ உயிருக்கு ஆபத்து எவ்வளவு? அமெரிக்காவில் முதன்முறை ஆபரேஷன் செய்துகொண்ட 4,776 பேரைக் கவனித்ததில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3%. 2009-இல் வெளியான கணக்கு இது. குறைவு, பூஜ்யம் இல்லை. ஸ்லீவில் பயப்பட வேண்டியது தையல் கசிவு. பெரும்பாலும் மேல்முனையில், உணவுக்குழாயை ஒட்டிய இடத்தில் வரும். வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, இடது தோள் வலி இருந்தால் ‘வாயு’ என்று சொல்லிக் காத்திருக்காமல், ஆபரேஷன் செய்த இடத்துக்கே ஓட வேண்டும்.

◆ பைபாஸுக்கு வேறொரு ஆபத்து. எடை இறங்கி குடலைச் சுற்றிய கொழுப்பு கரைந்ததும் உள்ளே இடைவெளிகள் விரியும். அதில் குடல் நுழைந்து சிக்கிக்கொள்ளலாம், ஆண்டுகள் கழித்துக்கூட. சுவீடனில் 2,507 பேரிடம் சோதித்தார்கள். அந்த இடைவெளிகளைத் தைத்து மூடியவர்களில் மூன்றாண்டுக்குள் குடல் அடைப்புக்காக மறு ஆபரேஷன் 5.5%, மூடாதவர்களில் 10.2%. பைபாஸ் செய்தவருக்குத் திடீரென வயிறு முறுக்கி வலித்தால், அவசர சிகிச்சை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது ‘எனக்குப் பைபாஸ் ஆகியிருக்கிறது’ என்பதே.

◆ ஆயுள் கூடுமா? கூடும். 1987-இல் தொடங்கி நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து வரும் சுவீடன் ஆய்வு 2020-இல் சொன்னது: ஆபரேஷன் செய்தவர்கள் செய்யாத பருமனானவர்களைவிடச் சராசரியாக 3 ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள். பொது மக்களோடு ஒப்பிட்டால் இன்னும் 5.5 ஆண்டு குறைவுதான்.

◆ உடம்பு தேறுகிறது. மனதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் யூட்டாவில் 2007-இல் வெளியான பெரிய ஆய்வில் மொத்த மரணம் 40% குறைந்தது. ஆனால் விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத காரணங்களால் வந்த மரணம் 58% கூடியது. மதுப் பழக்கச் சிக்கலும் பைபாஸுக்குப் பின் இரண்டாம் ஆண்டில் கூடுவதை வேறோர் ஆய்வு காட்டியது. மது நேரே குடலுக்குப் போய் வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது. அதுவரை சாப்பாட்டில் ஆறுதல் தேடியவருக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கும். மனநல ஆலோசனையைச் சடங்குக் கையெழுத்தாக்கிவிடும் இடங்களில் ஆபரேஷன் செய்துகொள்ளாதீர்கள்.

◆ மூன்றாம் மாதம் முதல் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பயம் வேண்டாம், பெரும்பாலும் ஓராண்டுக்குள் திரும்ப முளைத்துவிடும். புரதம் மட்டும் நாளைக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. நம் தட்டில் சோறு முதலில் வந்துவிடுவதுதான் பிரச்சினை. முட்டை, மீன், பருப்பு, பனீர் முதலில். சிறு பையில் இடம் மிஞ்சினால் சோறு. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரை மணி கழித்துத்தான்.

◆ பைபாஸ் செய்தவர் ஒரு டம்ளர் பாயசம் குடித்தால் கால் மணியில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். சர்க்கரை குடலுக்குள் ஒரேயடியாகக் கொட்டுவதன் விளைவு. இன்னும் சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை சரேலென்று இறங்கி மயக்கம் வரும். இனிப்பில்லாமல் இருக்க முடியாதவருக்கு இது தண்டனை. சிலருக்கு இனிப்பைக் கைவிட இதுவே உதவியாகவும் இருந்திருக்கிறது.

◆ கால்சியம் மாத்திரையிலும் வித்தியாசம் உண்டு. கால்சியம் கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். சிறு பையில் அமிலம் குறைவு. ஆகவே சிட்ரேட் வகை. பி12, இரும்பு, வைட்டமின் டி ஆகியவையும் ஆயுள் முழுக்க. மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் வலி மாத்திரைகள் பைபாஸ் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். புகையும் அப்படித்தான்.

◆ ஆபரேஷனுக்குப் பின் இரண்டு மூன்று வாரம் விடாமல் வாந்தி என்றால் பி1 வைட்டமின், அதாவது தையமின், தீர்ந்துபோகும். உடம்பில் அதன் சேமிப்பே அவ்வளவுதான். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் மிச்சமிருக்கும் தையமினும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம்: பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். தையமின் ஊசி முதலில், குளுக்கோஸ் பிறகு. உள்ளூர் கிளினிக்கில் சோர்வுக்கு டிரிப் போடும் வழக்கம் நம்மிடம் அதிகம் என்பதால், நோயாளியின் வீட்டார் இதை எழுதியே வைத்துக்கொள்வது நல்லது.

◆ பல ஆண்டுகளாகக் குழந்தை இல்லாத, நீர்க்கட்டிப் பிரச்சினையுள்ள பெண்களுக்கு எடை குறைந்ததும் மாதவிடாய் சீராகி, எதிர்பாராமல் கரு தங்கிவிடுகிறது. ஆனால் 12 முதல் 18 மாதம் கழித்துக் கருத்தரிப்பதே தாய்க்கும் சேய்க்கும் பாதுகாப்பு. பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். வேறு முறை வேண்டும். திருமண வயதுப் பெண்ணுக்கு ஆபரேஷன் பேசும்போது இதை வெளிப்படையாகப் பேசாமல் விடுவது பெரிய தவறு.

◆ ஊசி வந்துவிட்டதே, இனி கத்தி எதற்கு? டிர்ஸெபடைட் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. எடைக் குறைப்புக்கான செமாக்ளூடைட் அதே ஆண்டு ஜூனில். ஆய்வுகளில் செமாக்ளூடைட் 68 வாரத்தில் சராசரி 14.9% எடையைக் குறைத்தது. டிர்ஸெபடைட் அதிக அளவில் 72 வாரத்தில் 20.9%. ஸ்லீவை நெருங்கிவிட்டது என்றே சொல்லலாம். ஆனால் செமாக்ளூடைடை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மாதாமாதம் வாங்க முடியுமா, எத்தனை ஆண்டு வாங்க முடியும் என்பதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். பிஎம்ஐ 50-ஐத் தாண்டியவருக்கு இன்னமும் ஆபரேஷனே கூடுதல் பலன் தருகிறது. ஆபரேஷன் ஆகிச் சில ஆண்டுகளில் எடை மீண்டும் ஏறியவர்களுக்கு, இன்னொரு ஆபரேஷனுக்குப் போகும் முன் இதே ஊசிகளைக் கொடுத்துப் பார்ப்பதும் இப்போது நடக்கிறது.